ஒரு வலிக்கு நாலு மாத்திரை

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கும் நண்பருக்கு 74 வயது. போன மாதம் இடுப்பில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே ஆபரேஷன். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனபோது அவர் மனைவி மருந்துப் பையை என் முன்னால் கவிழ்த்தார். "ஏன் சார், இருக்கிறது ஒரே முதுகு வலி. அதுக்கு நாலு விதமா எழுதியிருக்கா. நல்லதா ஒண்ணு கொடுத்தாப் போறாதா?" என்று கேட்டார். பாராசிட்டமால் ஒன்று, டிரமடால் ஒன்று, பிரிகாபலின் ஒன்று, வீக்கம் குறைய ஒன்று. இவை போக வயிற்றுக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று.

மாமி கேட்டது நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

மருந்தைக் கலந்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நம் வயதுக்காரர்கள் யாருக்கும் கம்பவுண்டரை மறந்திருக்காது. டாக்டர் சீட்டில் கிறுக்கியதைப் பார்த்துப் பெரிய ஜாடிகளிலிருந்து ஊற்றிக் கலந்து, பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாகக் கத்தரித்த காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். வேளைக்கு ஒரு பல். கசப்போ கசப்பு. ஆனால் அந்தக் கலவை ஒரு ஆளுக்கென்று செய்தது. மறுநாள் போய் "தலை சுத்தறது டாக்டர்" என்றால் கலவை மாறும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் நடக்கும் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவரே ஒரு கலவைக்காரர்தான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்தார். லஸ் சர்ச் சாலைப் பக்கம் போனாலே வாசனை வந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். கற்பூரம், புதினா உப்பு, விண்டர்கிரீன் தைலம் எல்லாம் சேர்ந்தது அந்த மஞ்சள் தைலம். விண்டர்கிரீனில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

கம்பவுண்டர் போய் கம்பெனி வந்தபோது கலவையின் குணமே மாறியது. ஆஸ்பிரினும் பினாசிட்டினும் காபி கொட்டையிலுள்ள கஃபீனும் சேர்ந்த ஏ.பி.சி. மாத்திரை ஆஸ்பத்திரி, ரயில்வே டிஸ்பென்சரி எங்கும் கிடைத்தது. தலைவலியா ஏ.பி.சி., ஜுரமா ஏ.பி.சி., முதுகு வலியா அதுவும் ஏ.பி.சி. சாரிடானிலும் அந்த நாளில் பினாசிட்டின் இருந்தது. 1953-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள்: இத்தகைய மாத்திரைகளை வருஷக்கணக்கில் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. கடிகாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் கண் வலிக்கும் தலைவலிக்கும் மிட்டாய் போல அதைப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். பினாசிட்டின் உடம்புக்குள் போய்ப் பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் பிராடியும் ஆக்ஸல்ராடும் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். அப்படியிருக்க நேராகப் பாராசிட்டமாலையே கொடுக்கலாமே! அப்படித்தான் பாராசிட்டமால் கடைக்கு வந்தது. நம் நாட்டில் 1983 ஜூலையில் மத்திய அரசு போட்ட தடைப் பட்டியலில் பினாசிட்டின் இடம் பெற்றது. வலி மாத்திரையோடு வைட்டமினைச் சேர்ப்பதும் அதே பட்டியலில் தடையானது. அதுவரை அப்படியும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இது கடைக் கதை. ஆஸ்பத்திரிக் கதை வேறு.

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தின வருஷம்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். பின்னாளில் அடையாறை அடுத்த வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியிலும் ராமமூர்த்தி ஒரு மையத்தை உருவாக்கினார். அதற்கு ஆசண்ட லட்சுமிபதியின் பெயர். லட்சுமிபதி ஆயுர்வேதத்துக்காக வாழ்ந்தவர், ருக்மிணி லட்சுமிபதியின் கணவர். மூளையையும் தண்டுவடத்தையும் திறக்கும் இடத்துக்கு ஆயுர்வேத வைத்தியரின் பெயர் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

அந்த நாளில் முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் கட்டி அல்லது எலும்பு டி.பி. டி.பி.க்கு ஆபரேஷன் வேண்டுமா, மாத்திரை மட்டும் போதுமா என்ற பெரிய ஆய்வு 1970-களின் நடுவில் இங்கேதான் நடந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் ஜெனரல் ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சைப் பிரிவும் சேர்ந்து செய்தன. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும், நடமாடிக்கொண்டே குணமாகலாம் என்று தெரிந்தது. எத்தனை முதுகுகள் கத்தியிலிருந்து தப்பின!

கத்தி பட்டவர்களுக்கு வலிக்கு என்ன கொடுத்தார்கள்? பெத்தடின் ஊசி. பிறகு பல வருஷங்களுக்கு ஃபோர்ட்வின்-ஃபெனர்கன். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் இழுத்து இடுப்பில் ஒரு குத்து. 70-களிலோ 80-களிலோ ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த ஜோடிப் பெயர் மனப்பாடம். நோயாளி தூங்கிப் போவார். வலி போனதா, மயக்கத்தில் தெரியவில்லையா என்பது வேறு விஷயம். சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருக்கும், அதாவது தேவைப்பட்டால் மட்டும். தேவை என்று யார் சொல்வது? நோயாளி முனக வேண்டும், துணைக்கு இருப்பவர் ஓட வேண்டும், நர்ஸம்மா டூட்டி டாக்டரைத் தேட வேண்டும். ஊசி வரும்போது வலி உச்சத்தில் இருக்கும். "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்பதுதான் அந்தக் காலத்துத் தத்துவம். வலியைக் கேட்டு வாங்குவது கோழைத்தனம் என்று நோயாளியும் நினைத்தார், வீட்டாரும் நினைத்தார்கள்.

மார்ஃபின் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். சட்டப்படி அபினி பயிரிடும் நாடு நம்முடையது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே ஆலை நடத்துகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களுக்கு விரித்த வலையில் ஆஸ்பத்திரிகளும் சிக்கின. லைசென்ஸ் மேல் லைசென்ஸ், ஒரு கையெழுத்து தவறினால் ஜெயில் பயம். பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 1997-இல் நாடு முழுவதற்கும் சேர்த்து மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் சுமார் 18 கிலோதான். உலகத்துக்கே அபினி விற்ற நாட்டில்! 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை பட்ட வலிக்குக் கணக்கு கிடையாது.

இனி மாமியின் கேள்விக்கு வருகிறேன்.

வலி என்பது மணி அடிக்கிற கயிறு மாதிரி, கீழே இழுத்தால் மேலே அடிக்கும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இருவர், தண்டுவடத்திலேயே வலியைக் கூட்டிக் குறைக்கும் வாசல் ஒன்று இருக்கிறது என்றார்கள். 1983-இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் இன்னொன்றைக் காட்டினார்: அடிபட்ட இடத்திலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடம் தானே உஷாராகி, சின்னத் தொடுதலைக்கூடப் பெரிய வலியாக அனுப்பத் தொடங்கும். ஆக, வலி ஏறின பிறகு துரத்துவதைவிட ஏறாமல் பார்த்துக்கொள்வது மேல். எஸ்.ஓ.எஸ். முறைக்கு அங்கேயே அடி விழுந்தது.

1993-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட்டும் யோர்கன் டாலும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே மருந்தை அதிகமாகக் கொடுத்தால் வலி குறைவதோடு மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், மலச்சிக்கல் எல்லாம் கூடவே வரும். அதற்குப் பதிலாக வலி போகும் பாதையில் வெவ்வேறு இடங்களில் வேலை செய்யும் மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுங்கள். மருந்துக்கு மருந்து கை கொடுக்கும், பக்கவிளைவு ஒன்றின் மேல் ஒன்று ஏறாது என்பது அவர்கள் வாதம். கெலெட் ஒரு சர்ஜன். நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

முதுகு ஆபரேஷனுக்கு இந்த யோசனை ரொம்பப் பொருந்தும். ஏனென்றால் மாமி சொன்ன மாதிரி அது ஒரே வலி இல்லை. கத்தி போட்ட இடத்தில் தசையும் எலும்பும் வலிப்பது ஒன்று. அதற்கும் வீக்கத்துக்கும் பாராசிட்டமாலும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும். பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு, விடுபட்ட பிறகும் காலில் சுரீர் என்று இழுப்பது இரண்டாவது. அதற்குப் பாராசிட்டமால் என்ன செய்யும்? பிரிகாபலின், கபாபென்டின் மாதிரி நரம்பை அடக்கும் மருந்துதான் கேட்கும் என்று கொடுக்கிறார்கள். மூன்றாவது, முதுகுத் தசை இறுகிப் பிடித்துக்கொள்வது. இவற்றையும் மீறி வருகிற வலிக்கு டிரமடால். ஆபரேஷன் டேபிளிலேயே முதுகுத் தசைக்கடியில் மரத்துப்போகும் ஊசி போடுவதும் இப்போது வழக்கமாகி வருகிறது. கனடாவில் ஃபொரேரோ என்ற மயக்க மருந்து டாக்டர் 2016-இல் எழுதிய முறை அது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்கவைக்கிறார்கள் என்றால் இத்தனையும் சேர்ந்துதான்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு திருடன் உண்டு. அவனைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்காட் ரூபன் என்று ஒரு மயக்க மருந்து நிபுணர். மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு அவர் பெரிய பிரசாரகர். முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு செலிகாக்ஸிப்பையும் பிரிகாபலினையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2006-இல் ஒரு கட்டுரை. ரோஃபிகாக்ஸிப் பற்றி 2000-இலேயே ஒன்று. உலகம் முழுக்க டாக்டர்கள் படித்தார்கள், பின்பற்றினார்கள். 2009-இல் குட்டு உடைந்தது. குறைந்தது 21 கட்டுரைகளில் தரவுகள் இட்டுக்கட்டியவை. சிலவற்றில் நோயாளிகளே கிடையாது! மருந்துக் கம்பெனியிடமிருந்து ஆராய்ச்சிக்கென்று பணமும் வாங்கியிருந்தார். கட்டுரைகளைப் பத்திரிகைகள் திரும்பப் பெற்றன. 2010-இல் ஆறு மாதச் சிறை. இத்தனை முதுகுகளை வைத்து விளையாடியதற்கு ஆறு மாதம் என்பது எனக்குக் கொஞ்சமாகத்தான் படுகிறது.

அதற்குப் பிறகு மற்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்து, ரூபன் எழுதியதையெல்லாம் நீக்கிவிட்டு மீதியைக் கூட்டிப் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுக்கும் முறையின் அஸ்திவாரம் விழவில்லை. பாராசிட்டமாலும் வீக்க மாத்திரையும் சேர்வது நல்ல கூட்டணி என்பது நின்றது. ஆனால் நரம்பு மருந்தின் புகழ் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. 2004-இல் துருக்கியில் முதுகு ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் 1,200 மில்லிகிராம் கபாபென்டின் கொடுத்து 50 பேரிடம் சோதித்தார்கள். மார்ஃபின் தேவை குறைந்தது. நேர்மையான ஆய்வு, ஆனால் சின்னது. 2020-இல் 281 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஆபரேஷன் முடிந்த கையோடு வரும் வலியில் நோயாளி உணரும்படியான பலன் இல்லை, தலைசுற்றல்தான் அதிகம் என்று வந்தது. வயதானவர்களுக்கு மூச்சு மந்தப்படலாம், அதுவும் டிரமடால் போன்றவற்றோடு சேரும்போது, என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. நாள்பட்ட நரம்பு வலிக்கு அந்த மருந்துக்கு இன்னும் இடம் உண்டு. எல்லா ஆபரேஷனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் காலம்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வழியில் விழுந்த மருந்துகள் வேறு பல. ரோஃபிகாக்ஸிப் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2004 செப்டம்பர் 30 அன்று கம்பெனியே உலகச் சந்தையிலிருந்து எடுத்தது. பிராக்ஸிவானில் இருந்த டெக்ஸ்ட்ரோபுரோபாக்ஸிஃபீனை 2013-இல் இங்கே தடை செய்தார்கள். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது.

டைக்ளோஃபினாக் கதை தனி ரகம். மாட்டுக்குப் போட்ட அந்த ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் 3 மில்லிக்கு மேல் புட்டி கூடாது என்று உத்தரவு. கம்பெனிகள் வழக்குப் போட்டது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். 2017-இல் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு அங்கிருந்து ஒரு சின்ன ஆறுதல்.

இதற்கிடையில் கடைக் கலவைகள் சும்மா இருக்கவில்லை. ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று, நாலு என்று அடைத்து விற்பது நம் நாட்டில் எங்கும் இல்லாத அளவுக்கு வளர்ந்தது. 2016 மார்ச் 10 அன்று மத்திய அரசு 344 கலவைகளைத் தடை செய்தது. டில்லி உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுவுக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்கு மீண்டும் தடை. அதில் சாரிடானும் மாட்டியது. 1988-க்கு முன்பிருந்தே விற்பனையில் உள்ளது என்ற வாதத்தில் 2019-இல் தப்பியது. 2024 ஆகஸ்டில் இன்னும் 156. அசிக்லோஃபினாக் 50, பாராசிட்டமால் 125 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையும் அந்தப் பட்டியலில் உண்டு.

டாக்டர்கள் கலக்கச் சொல்கிறார்கள், அரசாங்கம் கலவையைத் தடை செய்கிறதே என்று குழம்ப வேண்டாம். டாக்டர் நாலாக எழுதுவது கம்பவுண்டர் மாதிரி, ஒன்றைக் கூட்டலாம், ஒன்றை நிறுத்தலாம். தலை சுற்றினால் பிரிகாபலினை மட்டும் குறைக்கலாம். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு வீக்க மாத்திரையை மட்டும் எடுத்துவிடலாம். ஒரே வில்லையில் ஒட்டி வைத்ததை எப்படிப் பிரிப்பது? அந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் நம் வீடுகளில் ஆபத்து வருகிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். டோலோ 650 மூன்று வேளை, 1,950 மில்லிகிராம் பாராசிட்டமால். ஸீரோடால்-பி இரண்டு வேளை. அதில் வேளைக்கு 325, ஆக 650. அல்ட்ராசெட் இரண்டு வேளை. அதிலும் 325, இன்னொரு 650. இதுவரை 3,250. தலை வலிக்கிறது என்று வீட்டிலிருந்த சாரிடான் இரண்டு. ஒவ்வொன்றிலும் 250. மொத்தம் 3,750. நல்ல திடகாத்திரமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4,000தான் எல்லை. ஒல்லியான, வயதானவர்களுக்கு 3,000-க்குள் நிறுத்தச் சொல்லும் டாக்டர்கள் பலர். நாலு பெட்டியிலும் 'பாராசிட்டமால்' என்பது பொடி எழுத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் தெரியாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வீக்க மாத்திரைக்கும் இதே கதை. ஆர்தோ டாக்டர் எழுதியது ஒன்று, பழைய முட்டி வலிக்கு அலமாரியில் இருக்கும் டைக்ளோஃபினாக் இன்னொன்று. இதயத்துக்குத் தினம் போடும் எகோஸ்பிரினோடு இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பி.பி. மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் எடுப்பவருக்கு இது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் டிரமடால் தொடங்கும் முன் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் முதுகு பூராவும் தைலம் தேய்த்துக்கொள்வதைக்கூடச் சொல்லத்தான் வேண்டும். விண்டர்கிரீன் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. வலி தணியத் தணிய, பொதுவாக முதலில் எடுப்பது டிரமடாலை. அடுத்தது வீக்க மாத்திரை. பாராசிட்டமால் கடைசி. பிரிகாபலினை மட்டும் ஒரே நாளில் நிறுத்தாமல், டாக்டர் சொல்கிறபடி வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள்.